அச்சு மூட்டைத் திறந்து பார்ப்பவர்

ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுத்துவைத்த நம் முன்னோர், ஆறறிவுக்கும் மேலே அரையறிவு கூடிப்போன ஓர் இனத்தைச் சேர்க்க மறந்துவிட்டனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்நாளில் பந்தயக் காரும் இல்லை, அதற்கு அச்சு மூட்டும் இல்லை. கூடிப்போன அந்த அரையறிவு இவ்வினத்தாருக்குத் தலையில் அன்று, விரல் நுனியில் குடியிருக்கிறது. ஓடாத பொருளைக் கண்டால் அது அரிக்கும். அதற்கு மருந்துண்டு, பழுது பார்த்துவிடலாம். நன்றாக ஓடும் பொருளைக் கண்டாலும் அரிக்கும். அதற்கு என்ன செய்வது? திறந்து பார்ப்பது.

வாசகரே, இவ்வினத்துக்கு மூட்டுத்திருத்தி என்று பெயரிடுவோம். உலகெங்கும் காணப்படுவதெனினும் இது செழித்துப் பெருகுவது பின்லாந்தின் மேற்குச் சமவெளியில்தான். ஆறு மாதம் பனி, ஆளுக்கொரு கொட்டகை, கொட்டகைக்கு ஒரு கணப்பு, கணப்பின் அருகே முன்சக்கரம் இரண்டும் கழன்று, முழந்தாளிட்ட பசுவைப் போல் ஒரு பழைய சிறு கார். ஓர் இனம் பல்குவதற்கு வேறென்ன வேண்டும்?

அடையாளம் காண்பது எளிது. தேவாலயத்தில் மணமக்கள் உறுதிமொழி கூறுகையில் எவர் காது வெளியே வண்டி திருப்பும் ஓசையின் பக்கம் சாய்கிறதோ, அவர். சவ ஊர்தி கல்லறை வளைவில் மெல்லத் திரும்புகையில், தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்து, கண்ணில் உண்மையான நீரோடு நின்றபடியே, “எடது பக்கம், வெளி மூட்டு” என்று முணுமுணுப்பவர், ஐயமின்றி அவர். பேச்சாலும் அறியலாம். “சும்மா தொறந்து பாத்துட்டு மூடிடறேன்” என்று தொடங்குவார். “கையில கிரீஸ் பட்டதுதான் பட்டுது, அந்தப் பக்கத்தையும் பாத்துடுவோம்” என்று வளர்ப்பார். “நல்லாத்தான் இருந்துது, இனிமே இன்னும் நல்லா இருக்கும்” என்று முடிப்பார். முடித்தபின் தரையில் ஒரு சிறு வளையம் மிஞ்சிக் கிடக்கும். அது எதிலிருந்து வந்தது? அதைக் கண்டறிய மறுபடியும் திறக்க வேண்டும்.

இவ்வினத்தின் நன்மணியாக அல்போ ஹியேத்தாரந்தாவைச் சொல்லலாம். மர அறுவை ஆலையில் இருபத்தாறு ஆண்டு வேலை, ஐம்பத்து நான்கு வயது, பேசுவது குறைவு. அவ்வூரில் எல்லாரும் பேசுவது குறைவுதான். எனினும் அச்சு மூட்டு என்ற சொல் காதில் விழுந்தால் அல்போவின் வாய், ஏப்ரல் மாதத்து ஆறுபோல் பனிக்கட்டி பிளந்து பெருகும். அதன் கரையில் நின்றவர் யாரும் நனையாமல் வீடு திரும்பியதில்லை.

அந்த மூட்டுத்தான் என்ன? எஞ்சினின் வலிமையை முன்சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் அச்சுத்தண்டின் இரு நுனியிலும், உள்மூட்டு வெளிமூட்டு என, ஒவ்வொரு கிண்ணம். கிண்ணத்துக்குள் ஒரு கூடு. கூட்டுக்குள் ஆறு எஃகுக் குண்டுகள். சக்கரம் வளைந்தாலும் எகிறினாலும் பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் சுழற்சி அறாமல் அந்த ஆறும் தத்தம் வாய்க்காலில் உருண்டு உருண்டு காக்கும். பார்ப்பவருக்கு அது கறுப்புப் பிசுக்குப் படிந்த இரும்பு. அல்போவுக்கு அது ஆறு முகம்.

ஆகவே அவர் அதற்குச் செய்வது பழுதுபார்ப்பன்று, பூசை. மூட்டைத் துயிலெழுப்பி, பழைய கிரீஸ் களைந்து, மண்ணெண்ணெயில் நீராட்டி, வெள்ளைத் துணியால் ஒற்றி, வாய்க்கால்களைப் பட்டுபோல் தேய்த்து, எடை ஒத்த குண்டுகளாகத் தேர்ந்தெடுத்துக் கூட்டில் அமர்த்தி, கறுஞ்சாந்து சாத்தி, ரப்பர் உறை உடுத்தி, இடையில் உலோகக் கச்சை இறுக்கி, இரண்டடி பின்வாங்கி நின்று பார்ப்பார். சென்ற ஆண்டு ஒரு பெரிய சரக்கு வண்டியின் மூட்டை இந்தச் சிறு காருக்குப் பொருத்தினார். அதற்காகத் தண்டை வெட்டி, பல் செதுக்கி, ஒட்டவைத்தார். எலிக்கு யானைக்கால். எனினும் சுழன்றது. ஒரு பருவம் ஓடித் தேய்ந்ததும் இடப்பக்க மூட்டை வலத்துக்கும் வலப்பக்க மூட்டை இடத்துக்கும் மாற்றுவார், தேயாத முகம் பாரத்தை ஏற்கட்டும் என்று. கால் மாறி ஆடியதை நாம் ஒருமுறைதான் கண்டோம். அல்போவின் கொட்டகையில் அது ஆண்டுதோறும் நிகழும்.

கிரீஸ் இளகுவதற்காக மூட்டை அடுப்புக்குள் வைப்பதும் உண்டு. அவ்வடுப்பில்தான் அவர் மனைவி மார்கெத்தா ஏலக்காய் ரொட்டி சுடுவார். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குப் பட்டாணிக் கஞ்சி காய்ச்சிப் பழகிய கை அது. சூடும் அதிகம், பொறுமையும் அதிகம். ஒருமுறை ரொட்டித் தட்டை இழுத்தவர் இரண்டு மூட்டுகளை வெளியே எடுத்தார். சர்க்கரை தூவி, காப்பியோடு மேசையில் வைத்தார்.

இனி, இக்கதையின் உயிர்நிலைக்கு வருவோம். அந்நாட்டில் எளியவர் பழைய காரில் ஓட்டும், அல்போவும் ஆண்டுதோறும் கலந்துகொள்ளும், இந்தப் பந்தயத்துக்கு ஒரு விதி உண்டு. போட்டி முடிந்ததும், உரிமம் பெற்ற எந்த ஓட்டுநரும் எந்தக் காரையும் தனக்கு வேண்டுமென்று சீட்டெழுதிப் பெட்டியில் போடலாம். விலை முன்கூட்டியே விதிக்கப்பட்டது. எல்லாக் காருக்கும் ஒரே விலை. ஒரு நல்ல மிதிவண்டியின் விலையைவிடச் சற்றே கூடுதல். பலர் கேட்டால் குலுக்கல். சொந்தக்காரர் கொடுத்தே தீர வேண்டும். ஓடிய நிலையிலேயே கொடுக்க வேண்டும். ஒரு திருகையும் கழற்றக் கூடாது. மறுத்தால் ஓராண்டுக்கு உரிமம் பறிபோகும். பணக்காரன் பொன்னைக் கொட்டிக் காரை இழைத்து வெல்லக் கூடாதென்பதற்காக வகுத்த அறம் இது. இதனால் புத்தியுள்ளவர் என்ன செய்வார்? காரில் காசும் போடமாட்டார், கண்ணும் போடமாட்டார். துருவையே கவசமாக அணிவித்து ஓட்டுவார். பதினொரு குளிர்காலங்களின் உழைப்பை, எவரும் ஒரு துண்டுக் காகிதத்தால் கவர்ந்துகொள்ளக்கூடிய பொருளுக்குள் ஒளித்துவைப்பவர் உலகில் உண்டா?

உண்டு. அவரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதுவரை அல்போவின் காரை யாரும் கேட்டதில்லை. காரணம், அது முதற்சுற்றைத் தாண்டியதில்லை. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் “கடைசிப் பார்வை” என்றொரு சடங்கு நடத்துவார். அதில் ஏதேனும் நேரும். ஓராண்டு தண்டைப் பிடித்துநிற்கும் வளையத்தை மேசைமேல் மறந்தார். கொடி அசைந்ததும் எஞ்சின் முழங்கிற்று, அச்சு கழன்றது, கார் நின்ற இடத்திலேயே நின்றது. மற்றோராண்டு அன்பு மிகுந்து கிரீஸை அளவுக்கு மேல் அடைத்தார். உறை வெடித்துப் பின்னால் வந்தவரின் கண்ணாடி முழுதும் கார்முகில் கவிந்தது.

இவ்வாண்டு விதி வேறுவகையாய்த் திரும்பிற்று. மே மாதத் தொடக்கத்தில், நீராவிக் குளியல் முடித்துப் படியிறங்கிய அல்போ வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. இடக்கையால் முயலக்கூடும் என்றறிந்த மார்கெத்தா, உறையின் கச்சையை இறுக்கும் அந்த ஒற்றை இடுக்கியைத் தம் கைப்பையில் போட்டுக்கொண்டு போய், பள்ளிச் சமையலறையின் கரண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கட்டுப் பிரித்தது பந்தயத்துக்கு முந்திய வியாழக்கிழமை. கார் ஓட்டலாம் என்றார் வைத்தியர். எத்தகைய ஓட்டம் என்று அவர் கேட்கவில்லை; அல்போவும் சொல்லவில்லை.

ஆகவே, வரலாற்றில் முதன்முறையாக, அல்போவின் கார் அல்போவால் தீண்டப்படாமல் கோர்த்தெஸ்மாகிச் சரளைத் தடத்துக்கு வந்துசேர்ந்தது. வந்தது பறந்தது. முதற்சுற்றில் இரண்டாவது. இரண்டாம் சுற்றில் முதல். மூன்றாம் சுற்றிலும் முதல். இறுதிச் சுற்றுக்குத் தேர்வாயிற்று.

இதற்குக் காரணம் மூட்டின் மகிமை என்றார் அல்போ. இடுக்கியின் மகிமை என்பது மார்கெத்தாவின் கருத்து. ஆனால் கணவர் முகத்தில் பொங்கிய ஒளியைக் கண்டு அவர் வேறொன்றுக்கு அஞ்சினார். இப்போது இந்தக் காரை ஊரே பார்க்கிறது. வாயைத் திறந்தால் போயிற்று. கொட்டகையில் பதினொரு குளிர்காலம் இந்த மனிதர் பட்ட பாடெல்லாம் ஒரு சீட்டில் போய்விடும்.

“யாராவது கேட்டா என்ன சொல்லுவ?” என்று ஒத்திகை பார்த்தார்.

“ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

“வண்டி எப்படி இப்படி ஓடுதுன்னு கேட்டா?”

“காத்து அடிக்குதுன்னு சொல்லுவேன்.”

“மூட்டப் பத்திக் கேட்டா?”

“எந்த மூட்டு?” என்றார் அல்போ. அந்த இரு சொற்களைச் சொல்வதற்குள் அவர் நெற்றியில் வியர்வை அரும்பிவிட்டது.

மனிதர் நோன்பு காத்தார். ஒருவர் வந்து வண்டி நன்றாக ஓடுகிறதே என்றார். காற்று என்றார் அல்போ. இன்னொருவர் குனிந்து சக்கரத்தின் உட்புறத்தை எட்டிப் பார்த்தார்; அல்போ தம் மேலங்கியைக் கழற்றிச் சக்கரத்தின்மேல் போர்த்தினார், குளிருமே என்பதுபோல். அந்த வெள்ளை வெயிலில், கொசுவும் கடுகுச் சாறும் வாட்டிய இறைச்சிக்குழலுமாய் நிறைந்த மைதானத்தில், ஒரு மனிதர் தம்மைத் தாமே வென்றுகொண்டிருந்தார்.

அப்போது வந்தார் உஸ்கோ. மார்கெத்தாவின் தம்பி, அல்போவுக்கு மைத்துனர். தம் காரின் முன்மூடியை எண்ணெய் ஊற்றுவதற்கன்றித் திறந்தறியாதவர். அதையும் விளக்கு எரிந்து கெஞ்சினாலொழியச் செய்யமாட்டார். அவர் காரின் மூட்டுகள் ஒவ்வொரு வளைவிலும் ‘டக் டக் டக்’ என்று, தாளம் தப்பிய உடுக்கைபோல் ஒலிக்கும். எனினும் அவரும் இறுதிச் சுற்றில் இருந்தார். எப்படி? அது அவருக்கும் தெரியாது, அறிய விரும்பியதுமில்லை.

“என்ன மச்சான், வண்டி மெதக்குதே” என்றார்.

“காத்து” என்றார் அல்போ.

உஸ்கோ இறைச்சிக்குழலைக் கடித்து, மென்று, விழுங்கிவிட்டுச் சொன்னார்: “நானும் அதான் நெனச்சேன். அதிர்ஷ்டந்தான்.”

அதிர்ஷ்டம்.

வாசகரே, உம் வாழ்நாள் தவத்தை ஒருவர் கடுகு வழியும் வாயால் அதிர்ஷ்டம் என்று சொன்னால் நீர் என்ன செய்வீர்? அல்போ ஒரு காகிதத் தட்டை எடுத்தார். கடுகுச் சாற்றால் ஒரு வட்டம் இட்டார். மைத்துனர் கையிலிருந்த இறைச்சிக்குழலைப் பிடுங்கி ஆறு வில்லைகளாக அறுத்து வட்டத்துக்குள் அடுக்கினார். “இது கிண்ணம். இது ஆறும் குண்டு. இப்பச் சொல்லு, எது அதிர்ஷ்டம்?” என்று தொடங்கியவர், சரக்கு வண்டியின் மூட்டு, வெட்டி ஒட்டிய தண்டு, எடையொத்த குண்டு, இடம்வலம் மாறிய நுட்பம், கிரீஸின் சூடு என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலில் உஸ்கோ மட்டும் நின்றார். பிறகு மூவர். பிறகு ஒன்பது பேர். யாரும் பேசவில்லை, அவ்வூரார் ஆழ்ந்து கேட்டால் அப்படித்தான் நிற்பார்கள். அவர்களுள் ஒருவர் சட்டைப்பையைத் தொட்டு உரிமம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டதை அல்போ கவனிக்கவில்லை.

காப்பியோடு வந்த மார்கெத்தா கலைந்துசெல்லும் கூட்டத்தையும் தட்டையும் பார்த்தார். எத்தனை பேரிடம் சொன்னாய் என்று கேட்டார்.

“கேட்டவங்ககிட்ட மட்டுந்தான்.”

“யாரு கேட்டா?”

அல்போ விரல்விட்டு எண்ணத் தொடங்கி, நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். “யாரும் கேக்கல” என்றார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இனி ஒரே வழிதான் உண்டு. இறுதிச் சுற்றில் கடைசியாக வருவது. கடைசியாக வந்த காரை யார் கேட்பார்? தோற்றுவிடுவதென உறுதி பூண்டு, கவசத்தொப்பியை அணிந்து, வாழ்வில் முதன்முறையாகத் தோல்வியை வேண்டிக் கைகூப்பி, காரில் ஏறினார். கொடி அசைந்தது. ஆறு கார்கள் பாய்ந்தன. அல்போ ஆறாவதாகவே சென்றார். முதல் வளைவு வரை அவர் உறுதி குன்றவில்லை. அங்கே காற்று இந்தப் பக்கம் வீச, சரளை சிதறும் இரைச்சலுக்கும் ஆறு எஞ்சின்களின் முழக்கத்துக்கும் நடுவே, முன்னால் செல்லும் உஸ்கோவின் காரிலிருந்து அந்த ஓசை வந்தது. டக் டக் டக்.

இடப்பக்கமா? வலப்பக்கமா?

அறிய வேண்டுமானால் அருகே போக வேண்டும். போனார். இடையில் இருந்த கார்களைக் கடந்தார் என்பது உண்மை. ஆனால் அவற்றை முந்தினோம் என்று அவருக்குத் தெரியாது. தாய்க்கோழி குஞ்சின் ஈனக்குரலைத் தொடர்வதுபோல் அந்த டக் டக்கையே தொடர்ந்தார். உஸ்கோ இடப்புறம் வளைந்தால் இவரும் வளைந்தார்; வலப்புறம் வளைந்தால் இவரும் வளைந்தார்; காதைச் சாய்த்தபடி, காரோடு கார் உரசாக் குறையாய், தடத்தை ஆறு முறையும் சுற்றி ஓடினார். வலப்பக்கம், வெளி மூட்டு என்று முடிவு கட்டிய கணத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டமிட்ட முடிவுக்கொடி விழுந்தது. உஸ்கோ முதல்; அரைக் கார் நீளம் பின்னால் அல்போ இரண்டாவது. கூட்டம் ஆரவாரித்தது. அல்போ தலையில் கைவைத்தார்.

காப்பிச் சாளரத்தின் அருகே பழைய பனிக்கூழ் டப்பாவை வைத்துக்கொண்டு ஹில்க்கா அமர்ந்தார். முப்பது ஆண்டுகளாகச் சீட்டு வாங்குபவர். எமனின் கணக்கருக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு, இவர் ரொட்டியும் விற்பார் என்பதே. அரைமணி நேரம் டப்பா திறந்திருந்தது. மார்கெத்தா காரருகே காவல் நின்றார். கைகழுவி வருகிறேன் என்று போன அல்போ சற்றுத் தாமதித்துத் திரும்பினார். கை கழுவியதாகத் தெரியவில்லை.

ஹில்க்கா முடிவை வாசித்தார். நான்கு கார்களுக்குக் கேள்வியில்லை. அல்போ ஹியேத்தாரந்தாவின் காருக்கு ஒன்பது சீட்டு. உஸ்கோவின் காருக்கு ஒன்று.

வென்ற காரேயாயினும், அந்த ஓசையைக் கேட்டபின் அதை விரும்பிய மகான் யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தனர். ஹில்க்கா சீட்டைக் கண்ணுக்கு எட்டத் தள்ளிப்பிடித்துப் பெயரைப் படித்தார். அல்போ.

மார்கெத்தா கணவரையே பார்த்தார். அல்போ நிலத்தைப் பார்த்தார்.

“அந்தச் சத்தத்த நீ கேக்கலியே” என்றார் மெல்ல.

ஒன்பது சீட்டையும் ஹில்க்கா டப்பாவில் போட்டுக் குலுக்கினார். அல்போ தம் காரின் முன்மூடியில் கைவைத்து நின்றார். மறுத்துவிடலாம்; ஓராண்டு ஓட்டாமல் இருக்கலாம்; மூட்டுகளாவது கைவிட்டுப் போகா. ஆனால் ஓட்டாத காரின் மூட்டுக்கு என்ன பொருள்? சுழலாத ஆறு குண்டுகள் கூட்டிலே கிடந்து யாருக்காக? ஹில்க்காவின் கை டப்பாவுக்குள் இறங்கி, ஒன்றைத் தொட்டு, விட்டு, இன்னொன்றை எடுத்தது.

உஸ்கோ.

ஒரே விலைக்கு ஒரே விலை. மாமனும் மச்சானும் கார் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஹில்க்கா இரு சீட்டிலும் முத்திரை குத்தினார். ஊர் சிரித்தது, அவ்வூர் சிரிப்பதென்றால் இருபது பேர் மூக்கால் காற்றை விடுவது.

அல்போ மைத்துனரிடம் போய், மாதத்துக்கு ஒருமுறை உறையைத் துடைக்க வேண்டும், பருவம் முடிந்ததும் இடம்வலம் மாற்ற வேண்டும், கிரீஸ் இன்ன சூட்டில் வைக்க வேண்டும் என்று, மகளை மறுவீடு அனுப்புபவர்போல் தழுதழுத்துச் சொல்லிக்கொண்டே போனார்.

உஸ்கோ அவர் தோளில் கைபோட்டார். “மச்சான், ஒண்ணு மட்டும் உறுதியாச் சொல்றேன். நான் அதத் தொடவே மாட்டேன்.”

அல்போவின் முகம் வெளுத்தது. மார்கெத்தாவோ அன்று முதன்முறையாகச் சிரித்தார். “அந்த மூட்டுக்கு இனிமேதான் நல்ல காலம்” என்றார்.

அவர் வாக்குப் பலித்தது. அக்கோடை முழுதும் உஸ்கோ வென்றார். ஊர் ஊராகச் சென்று வென்றார். வென்ற காரை யாரும் கேட்கவில்லை, ஏனெனில் எப்படி ஓடுகிறது என்று கேட்டவருக்கெல்லாம் அவர், தெரியாது என்று உண்மையையே சொன்னார். அல்போ? பரிதாபப்பட அவசரப்படாதீர். அன்று மாலையே உஸ்கோவின் காரை இழுவண்டியில் ஏற்றுமுன், சக்கரத்தை முழுதும் வளைத்து, காலி மைதானத்தில் சுற்றிச் சுற்றி வந்தார், டக் டக் டக் என்று. அவர் முகத்தில் இருந்த ஆனந்தத்தைக் கண்டவர்கள், இந்த மனிதர் இழந்தவரா பெற்றவரா என்று தம்முள் வாதிட்டனர். நான்கு மூட்டும் பழுது. நான்கும். ஒரு மனிதருக்கு இவ்வளவு பாக்கியம் ஒரே நாளில் வாய்க்கலாமா?

நீர் அவ்வினத்தவர் அல்லர் என்கிறீர். மகிழ்ச்சி. காரே இல்லை, மூட்டு எங்கிருந்து வரும் என்கிறீர். மிக்க மகிழ்ச்சி. ஆயினும் ஒன்று. இதைப் படித்துக்கொண்டிருக்கையில் உம் வீட்டுக் கதவு ஒன்று ஓசையின்றித் திறந்து ஓசையின்றி மூடியது. அதன் கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் இன்னும் நன்றாக இருக்குமே என்று உமக்கு ஒன்றும் தோன்றவில்லை அல்லவா?

உட்காரும். கதவு நன்றாகத்தான் இருக்கிறது.